முந்தி வந்த கைதட்டல்

நேற்றைய கச்சேரிப் பதிவில் கைதட்டல் முந்திக்கொண்டு வந்திருந்தது.

நோரீன் மறுபடியும் ஓடவிட்டாள். தம்பி ஃபின்டன் கிதாரின் தந்தியை வளைத்து வளைத்து, அறுந்துவிடுமோ என்று கூட்டம் மூச்சைப் பிடித்திருக்கும் இடம் அது. அந்தச் சுரம் ஒலித்த பிறகுதான் ஜனங்கள் கைதட்டிக் கத்த வேண்டும். இதில் முதலில் கத்தினார்கள். பிறகு சுரம் வந்தது.

ஃபின்டனின் ஸ்டுடியோ ஆல்பங்களை வாங்க ஆளில்லை. விற்பதெல்லாம் மேடைப் பதிவுகள்தான். ஓர் ஊரில் வாசித்தது மறுநாள் அடுத்த ஊர்க் கூடத்து வாசலில் விற்பனைக்கு வந்துவிடும். தப்பாக விழுந்த சுரத்தையே பிடித்துக்கொண்டு அவன் மேலேறுவது, பீர் கோப்பைகள் இடித்துக்கொள்வது, யாரோ ஒருத்தி தன்னை மறந்து அழுவது, இவற்றுக்காகத்தான் வாங்குகிறார்கள். அதனால் நோரீன் கூடத்தின் பின்சுவரில் கூட்டத்துக்கென்றே ஒரு மைக்கைத் தொங்கவிடுவாள். மேடைச் சத்தம் அங்கே போய்ச்சேரக் கண்ணிமைக்கும் நேரமாகும். அந்தத் தாமதத்தைக் கம்ப்யூட்டரில் சரிசெய்வதும் அவள் வேலை.

தாமதம்தான் இருக்க முடியும். முந்தி வர வழியே இல்லை.

"நீதான் எங்கேயாவது இழுத்து வச்சிருப்பே அக்கா," என்றான் ஃபின்டன், வாய் நிறைய உருளைக்கிழங்கு வறுவலோடு.

"நான் இன்னும் கையே வைக்கலடா."

"அப்போ நான் என்ன வாசிக்கப்போறேன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. முப்பது வருஷமா அதே பாட்டு. தெரியாம என்ன?"

"விளையாடாதே. இன்னைக்கு வேணாம்னு தோணுது எனக்கு."

"கூடம் நிறைஞ்சிடுச்சு. இப்போ இல்லேன்னு சொன்னா இந்த பேன்ட்ரி ஊர்க்காரங்க என்னைக் கடல்ல தூக்கிப் போட்டுடுவாங்க. கூடவே உன்னையும்."

சிரித்துக்கொண்டே மேடைக்குப் போனான்.

பேன்ட்ரியின் அந்தப் பழைய நடனக் கூடத்தில் ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாடையும் சிந்திய பீரின் புளிப்பும் கலந்து நிற்க, தகரக் கூரைமேல் மழை விடாமல் இரைந்துகொண்டிருக்க, மேடையோரத் திரைக்குப் பின்னால் நோரீன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பின்சுவர் மைக்கை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பாட்டுகள்வரை எல்லாம் சரியாகவே இருந்தது. மூன்றாவது முடிந்ததும் காதில் ஒரே சிரிப்பு. கூடம் முழுக்கச் சிரித்தது. திரையை விலக்கிப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. ஃபின்டன் அப்போதுதான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மைக்குக்கு வந்தான்.

"என் காலடியில ஒழுகுது. டிக்கெட் இல்லாம உள்ளே வந்தது இந்த மழை ஒண்ணுதான்."

கூடம் சிரித்தது. அதே சிரிப்பு. கடைசியாக இருமிய ஆள்வரை அதே.

தம்பி தரையைப் பார்த்தபடி அடுத்த பாட்டைத் தொடங்கினான். நிதானமான பாட்டு. பாடிவிட்டுப் பின்வாங்கிக் கண்களை மூடிக்கொண்டு வாசித்தான். ஈரத்தில் நின்று வாசித்தான்.

காதில் ஒரு ரீங்காரம் எழுந்தது. தடித்த, தாழ்ந்த ரீங்காரம். பிறகு ஒரு பெண்ணின் அலறல். பிறகு எல்லோரும்.

"தொடாதீங்க! அவரைத் தொடாதீங்க! கரண்ட்!"

ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கினாள். கூடத்தில் ஜனங்கள் மெல்ல அசைந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி கணவனின் தோளில் சாய்ந்திருந்தாள்.

"ஃபின்டன்! மைக்கைத் தொடாதே!"

கிதார் அவள் குரலை விழுங்கியது. வாசிப்பு முடிந்தால் அவன் பாட வருவான். ஒரு கை தந்தியில். உதடு மைக்கில்.

மேடைக்குப் போகும் மின்சாரம் முழுக்க ஒரே ஒயரில்தான். பாய்ந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

இருட்டு. கிதார் நின்றது. கூட்டம் முனகியது, யாரோ விசிலடித்தார்கள். மழை மட்டும். நோரீன் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிழைத்துவிட்டான். பிளக்கை மார்போடு அணைத்துக்கொண்டாள். பாம்புபோல் கனமான ஒயர் அவள் மடியில் கிடந்தது.

கழுத்தில் தொங்கிய ஹெட்ஃபோனில் அலறல் ஓயவில்லை.

மேடையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. ஆம்ப்ளிஃபயரின் விளக்கு.

பிளக் அவள் கையில்தான் இருந்தது.

ரீங்காரம் கேட்டது. இப்போது ஹெட்ஃபோனில் இல்லை. கூடத்தில்.

அந்தச் சிவப்பில் ஃபின்டன் கிதாரை அணைத்தபடி, கூட்டத்தைச் சமாதானப்படுத்தச் சிரித்துக்கொண்டே, மைக்கை நோக்கிக் குனிந்தான்.