அன்றைக்கு வராத கோபம்

“இன்னுமா புள்ளைக்குத் தலை சீவல? கீழ தெமோதரை ரோட்டுல வேன் வந்து நிக்குது!”

மரியபுஷ்பத்தின் குரல் தேயிலைத் தோட்டத்து லய வீடுகள் முழுக்கக் கேட்டது. தாயில்லாத தம்பி லூக்காஸை வளர்த்து ஆளாக்கிய அக்கா அவள். அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். பள்ளியில் சாதாரணதரப் பரீட்சை பாஸான அவன் இளைய மகள் ஜெனிற்றாவைக் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்புவதென்று அவளே முடிவு செய்திருந்தாள்.

ஜெனிற்றாவின் தாய் நேசராணி அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு இப்படித்தான்... மனம் பதறினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். புகைக்குள் அழுதுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போய்விடுவாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மூத்தவள் ஜெசீகாவை இப்படியே வீட்டு வேலைக்கு அனுப்பியபோதும் அவள் வாய் திறக்கவில்லை. முழங்கையில் அந்த வீட்டில் பட்ட சூட்டுத் தழும்போடு திரும்பி வந்த அந்தப் பெண், அம்மாவிடம் மட்டும் பேசுவதே இல்லை.

“மதினி... அவ மேல படிக்கணும்னு ஆசப்படுறா...” என்று இன்றைக்கு எப்படியோ முனகினாள்.

“ஓ... ஒனக்கும் வாய் மொளைச்சிருச்சா?”

மரியபுஷ்பம் கொடியில் கிடந்த ஜெனிற்றாவின் வெள்ளைச் சீருடையை இழுத்தாள். சர்ரென்று கிழித்து ஒரு துண்டை வீசினாள்.

“இந்தா, சட்டி எறக்க வச்சுக்க. இனி இது எதுக்கு?”

மூலையில் நின்ற ஜெனிற்றா சத்தமில்லாமல் அழுதாள். அன்றைக்கு ஜெசீகா அழுததும் அப்படியேதான்...!

நேசராணிக்குக் கோபம் கொதித்து எழுந்தது. என்ன அதிசயம்! ஒட்டிக்கிடந்த நாக்கு விடுபட்டது. எழுந்து போய், கட்டி வைத்திருந்த பையைப் பிடுங்கித் துணிகளைத் தரையில் கொட்டினாள்.

“என் புள்ள எங்கயும் போகாது! ஒருத்திய வாய மூடிக்கிட்டு அனுப்பிட்டு, அவள உசுரோட தொலைச்சவ நான்! இன்னொருத்தியையும் கேக்குறீங்களா மதினி? என்னையத் தாண்டிப் போய் இவளத் தொடுங்க பாப்போம்!”

“நேசம்... மெதுவா... பக்கத்து வீட்டுல கேக்கும்” என்றான் லூக்காஸ்.

“கேக்கட்டும்! தோட்டம் பூராக் கேக்கட்டும்! நீங்க பெத்த புள்ளதானே? ஒங்களுக்குக் கோவமே வராதா?”

லூக்காஸ் அக்காவைப் பார்த்தான். கிழிந்த சீருடையைப் பார்த்தான். “வேனப் போகச் சொல்லிட்டு வாறேன்க்கா” என்று வாசலைத் தாண்டினான். மரியபுஷ்பம், வளர்த்த தம்பியின் முதுகைப் பார்த்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஜெனிற்றா ஓடிவந்து தாயைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் நேசராணி கவனித்தாள். கதவோரம் ஜெசீகா நின்றிருந்தாள். அவள் உதடு துடித்தது.

“எனக்கு ஏம்மா கத்தல...?”

“பயந்துட்டேன்டி... பாவி நான்... பயந்துட்டேன்...”

“நான் திரும்பித் திரும்பிப் பாத்தேனே! நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேன விட்டு எறங்கி ஓடியாந்திருப்பேனே!”

ஜெசீகா பாய்ந்து வந்து தாயின் தோளில் இரண்டு கையாலும் அடித்தாள். ஜெனிற்றா தடுக்கப் போனாள்.

“விடு அவள” என்றாள் நேசராணி. “அடிடி... என்னையத் திட்டு... நீயாவது உள்ளயே வச்சுக்கிட்டுச் சாகாத...”

அடித்து ஓய்ந்த கைகள் மெல்லத் தாயின் கழுத்தைச் சுற்றின. அடைபட்டுக் கிடந்த அழுகை வாய்விட்டு வெளியே வந்தது. போன வருஷங்களைத் திருப்பித் தர முடியாதென்று நேசராணிக்குத் தெரியும். மகளை மடியில் சாய்த்துக்கொண்டாள். வேலைக்கு நேரமாகியும் அவள் எழுந்திருக்கவில்லை.