கூடத்துச் சுவரில் ஒரு பிரபு

காலையில் எஸ்பெரான்சா அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே மகன் வெலெரியன் வந்து நின்றான். "மாய், தாத்தா படத்தைத் துடைச்சாச்சா? டெல்லிக்காரங்க எழுந்துட்டாங்க."

தாத்தா என்றால், கூடத்தில் தொங்கிய ஆளுயரப் படம். முறுக்கு மீசை, மார்பு நிறையப் பதக்கங்கள். மூன்று வருடம் முன்பு மட்காவ் நகரில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கியது. வீடு வந்து சேர்வதற்குள் அவர் போர்ச்சுகீசியப் பிரபுவாகி, வெலெரியனுக்குக் கொள்ளுத்தாத்தாவும் ஆகிவிட்டார். பெனாலிம் கடற்கரைக்கு வருகிறவர்களுக்கு மணலும் அலையும் எந்த விடுதியிலும் கிடைக்கும். பிரபு வீட்டில் தங்கினோம் என்று ஊருக்குப் போய்ச் சொல்லத்தான் இவர்கள் வீட்டில் வாடகைக்கு அறை எடுத்தார்கள்.

அதே ஆணியில் முன்பு இருந்தது அவள் கணவர் மெனினுவின் படம். இருபத்திரண்டு வருடம் கப்பலில் வெங்காயம் உரித்து இந்த வீட்டுக்கு ஓடு மாற்றியவர். சமையல்காரர் படத்தைப் பார்த்து யார் வந்து தங்குவார்கள் என்று மகன் கேட்டான். பிள்ளை பிழைக்கட்டும் என்று அவளே கழற்றித் தன் துணிப்பெட்டியில் வைத்தாள். அன்றிலிருந்து தினமும் யாரோ ஒருவருடைய மீசையைத் துடைக்கிறாள்... முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு.

அன்று மாலை, வீடு வீடாகப் போகும் மாதா சுரூபம் அவர்கள் வீட்டுக்கு வரும் முறை. தெருவே பின்னால் வந்தது. டெல்லித் தம்பதியும் கடலில் குளித்த ஈரத்தலையோடு பிரபுவின் காலடியில் பயபக்தியாக உட்கார்ந்தார்கள். மன்றாட்டு மாலை முடிந்ததும், ஜெபம் சொல்லும் பக்கத்து வீட்டு சந்தான் வழக்கம்போலக் கேட்டார்.

"வீட்டு ஆம்பள சொல்லுப்பா. இறந்தவங்க பேரு?"

ஊருக்கே தெரிந்த பேர். வெலெரியன் வாயைத் திறந்தான், விருந்தாளிகளைப் பார்த்தான், மூடிக்கொண்டான். அவன் காது சிவந்தது. பெற்றவளுக்குத் தாங்கவில்லை.

"பேரெல்லாம் எதுக்கு அண்ணே... எல்லா ஆத்துமாக்களுக்கும்னு சொல்லிடுங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. பெட்டிக்குள் போட்டது போதாதென்று, மாதா முன்னாலேயே அவரைப் பேரில்லாதவராக ஆக்கிவிட்டாள். அவள் தலை தானாகக் கவிழ்ந்தது. கண்ணீர் மடியில் விழுந்தது.

வெலெரியன் அதைப் பார்த்தான். மெல்ல எழுந்தான்.

"மெனினு பரெட்டோ. எங்க அப்பா. கப்பல்ல சமையல்காரரு."

பிறகு, இனி மறைக்க என்ன இருக்கிறது என்று, விருந்தாளிகளுக்காக அதையே ஆங்கிலத்திலும் சொன்னான். டெல்லிக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

"அப்ப இவரு?"

"தெரியாது சார். கடையில வாங்கினது."

சந்தான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "சரி, இவருக்கும் சேத்து ஒண்ணு சொல்லிடுவோம். பாவம், யாரு வீட்டுப் பெரியவரோ."

எல்லோரும் சொன்னார்கள். முடிவில் டெல்லிக்காரர்தான் உரக்க ஆமென் சொன்னார்.

ஜெபத்துக்கு வந்தவர்களுக்காக அடுப்படியில் அவித்த கடலையை அள்ளிக்கொண்டிருந்தவளின் தோளில் மகன் முகம் புதைத்து விம்மினான். "படத்தை மாத்தின அன்னைக்கே என்னை நாலு அறை விட்டிருக்கலாமே மாய்..."

"எந்த முகத்தோடடா அறைவேன்? உனக்கு முன்னாடி அவரை வித்தது நான்தானே..."

அவன் அவளை இறுகக் கட்டிக்கொண்டான். விலகினால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் இருவருமே விலகவில்லை.