சாயங்காலம் மட்டும் பேச்சு கேட்காத ஃபேன்

“மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன்” என்றாள் நோண்டி. “நான் உடைக்கல. உடைக்காததுக்கு எதுக்கு மன்னிப்பு?”

அப்பா ரிமோட்டை அவள் மூக்குக்கு நேராக நீட்டினார். “கடைசியா இதைத் திறந்தது யாரு?”

“நான்தான். உள்ளே தூசி இருந்துச்சு, துடைச்சேன். துடைச்சா உடைச்ச மாதிரியா?”

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஒரு பொருளைக் கடைசியாகக் கழற்றியவர் எவரோ, அவரே அதைக் கெடுத்தவர். சட்டம் போட்டவர் அப்பா. மாட்டிக்கொள்பவள் எப்போதும் நோண்டி. டார்ச், கடிகாரம், பேசும் பொம்மை என்று எது கையில் கிடைத்தாலும் திறந்து, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மூடுவாள். அதனால்தான் அந்தப் பெயர். அவளுடைய நிஜப் பெயர் பள்ளிக்கூடத்துக்கு மட்டும்.

“மன்னிப்புக் கேக்கற வரைக்கும் இது இங்கேதான்” என்று சொல்லி, அப்பா அவளுடைய ஸ்க்ரூடிரைவரை அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டார்.

இத்தனைக்கும் காரணம் அத்தையின் ஃபேன்.

அத்தை, அப்பாவுக்கு அக்கா. பஸ் கண்டக்டர். நாள் முழுக்க நின்றபடியே வேலை பார்த்த அத்தை, ஒரு நாள் பஸ் படியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டோடு இப்போது இந்த வீட்டின் முன்னறைக் கட்டிலில் இருக்கிறார். அவருக்கு ரோடு தெரியாவிட்டால் சோறு இறங்காது. அதனால் அப்பா ஜன்னலில் இருந்த கனமான திரையைக் கழற்றி எடுத்தார். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், ரிமோட்டில் ஓடும் ஃபேன் ஒன்றையும் மாட்டினார். யாரையும் கூப்பிடாமல் அத்தையே போட்டுக்கொள்ளலாம், அணைத்துக்கொள்ளலாம்.

காலையில் ஃபேன் சொன்னபடி கேட்டது. மத்தியானமும் கேட்டது. சாயங்காலம் வெயில் உள்ளே வந்து அறை அடுப்பாகும்போது மட்டும் கல்லுளிமங்கன் மாதிரி சும்மா இருந்தது. அத்தை பட்டனை அமுக்கு அமுக்கு என்று அமுக்குவார். அசையாது.

அப்புறம் என்ன? அத்தை தலையணைக்கு அடியிலிருந்து விசிலை எடுப்பார். இரண்டு விசில் என்றால் ஃபேன் ஓட வேண்டும். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே வந்து, ஸ்டூலில் ஏறி, ஃபேனில் உள்ள பட்டனைத் தட்டுவான்.

“வீடா இது, பஸ் ஸ்டாண்டா?” என்பான்.

அத்தை சிரிப்பார். ஆனால் அவன் போன பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். யாரையும் எதிர்பார்த்துப் பழகாத மனுஷி. நோண்டி அதைக் கவனித்திருந்தாள்.

ஒரு நாள் காலையில் மெக்கானிக் வந்தார். ரிமோட்டை அமுக்கினார். ஃபேன் ‘சர்’ரென்று ஓடியது. அணைத்தார், நின்றது. மறுபடி அமுக்கினார், ஓடியது.

“நல்லாத்தானே ஓடுது! என்னைப் பாத்ததும் பயந்துடுச்சு போல” என்று சிரித்தார். புது பேட்டரி போட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அத்தை அமுக்கினார். ஃபேன் அசையவில்லை. விசில் பறந்தது.

அப்பா தலையில் கைவைத்தார். “போதும்க்கா. நாளைக்குக் காலையில கட்டிலைப் பின்னறைக்கு மாத்திடலாம். அங்கே சுவிட்ச் பக்கத்துலயே இருக்கு.”

“பின்னறையில ஜன்னலே இல்லையேடா! நான் என்ன மூட்டையா, அங்கேயும் இங்கேயும் தூக்கி வைக்க?”

“வேற வழி? எல்லாம் இந்த நோண்டியால வந்த வினை.”

நோண்டிக்குச் சுருக்கென்றது. “ரிமோட் கெட்டிருந்தா காலையிலயும் கெட்டுத்தானே இருக்கணும்? சாயங்காலம் மட்டும் எப்படிப்பா கெடும்? நாளைக்குள்ள நான் கண்டுபிடிக்கிறேன். அது வரைக்கும் கட்டிலை யாரும் தொடக் கூடாது!”

“நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான்” என்றார் அப்பா.

மறுநாள் பள்ளி விட்டதும் நோண்டி நேராக முன்னறைக்கு வந்தாள். வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. முதலில் அத்தையின் போனை வாங்கி, கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையைக் காட்டி அமுக்கினாள். போன் திரையில் முனை ஊதா நிறத்தில் மின்னியது.

“அட! என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே?” என்றார் அத்தை.

“ரிமோட் ஒரு மாதிரி வெளிச்சத்தை விட்டு விட்டு அடிக்கும் அத்தை. அதுதான் அதோட பேச்சு. நம்ம கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். பாருங்க, ரிமோட் ஒழுங்காத்தான் பேசுது. ஃபேன் நடுவுல ஒரு கறுப்புப் பொட்டு இருக்கு பாருங்க, அதுதான் அதோட கண்ணு. அதுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு.”

அமுக்கினாள். அசையவில்லை. பக்கத்தில் போய் அமுக்கினாள். இல்லை. கை வலிக்க வலிக்க அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

அண்ணன் விளையாட்டு முடிந்து, வியர்வையில் நனைந்த சட்டையோடு வந்தான். “என்ன விஞ்ஞானி, ஃபேன் பேசிச்சா?” என்று கிண்டலடித்துவிட்டு, சட்டையைக் கழற்றி ஜன்னல் கம்பியில் விரித்துக் காயப்போட்டான்.

‘சர்’ரென்று ஃபேன் ஓடியது.

மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். அத்தை மட்டும் படுத்திருந்தார்.

“சட்டையை எடு!” என்று கத்தினாள் நோண்டி.

“என் சட்டை உன்னை என்ன பண்ணுச்சு?”

“எடுடா அண்ணா!”

எடுத்தான். அணைக்கும் பட்டனை அமுக்கினாள். ஃபேன் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. “இப்ப திரும்பப் போடு.” போட்டான். அமுக்கினாள். ஃபேன் நின்றது.

“உன் நாத்தம் தாங்காம நின்னுடுச்சு” என்றார் அத்தை. சிரித்துக்கொண்டே, வழக்கம்போல ரோட்டைப் பார்க்கத் திரும்பினார். சட்டை மறைக்காத பக்கத்திலிருந்து வெயில் முகத்தில் அடித்தது. கையை நெற்றியில் குடை மாதிரி வைத்துக்கொண்டார்.

நோண்டி அத்தையின் கையைப் பார்த்தாள். ஃபேனின் கறுப்புப் பொட்டைப் பார்த்தாள்.

“கண்ணு கூசுது அத்தை!”

“ஆமா, எனக்குக் கூசுது.”

“உங்களுக்கு இல்ல, ஃபேனுக்கு! வெயில்லயும் ரிமோட் வெளிச்சம் மாதிரியே கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் நிறைய இருக்கு. அது நேரா கண்ணுல அடிச்சா, ரிமோட்டோட சின்ன வெளிச்சத்தை ஃபேனால பிரிச்சுப் பாக்க முடியல. சந்தைக் கூச்சலுக்கு நடுவுல காதுல குசுகுசுன்னு பேசினா கேக்குமா?”

“அப்போ திரையைத் திரும்ப மாட்டிடலாம்” என்றான் அண்ணன்.

“மாட்டினா அத்தைக்கு ரோடு தெரியாதே!” என்றாள் நோண்டி. “நீங்க நெத்தியில கை வச்சீங்கல்ல அத்தை, அதையே ஃபேனுக்கும் வச்சிடலாம்.”

பழைய அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டினாள். கறுப்புக் காகிதம் ஒட்டினாள். ஸ்டூலில் ஏறி, பொட்டுக்கு மேலே தொப்பியின் முனை மாதிரி அதை ஒட்டினாள். வெயில் மேலிருந்து வந்தால் அட்டை தடுக்கும். கீழே கட்டிலிலிருந்து வரும் ரிமோட் வெளிச்சத்துக்கு வழி இருக்கும்.

“சட்டையை எடு” என்றாள்.

அண்ணன் எடுத்தான். வெயில் அறைக்குள் பாய்ந்தது. அத்தை படுத்தபடியே அமுக்கினார்.

ஃபேன் ஓடியது.

அமுக்கினார், நின்றது. மறுபடி அமுக்கினார், ஓடியது. புது பொம்மை கிடைத்த குழந்தை மாதிரி அமுக்கிக்கொண்டே இருந்தார்.

வேலை முடிந்து வந்த அப்பா வாசலிலேயே நின்று பார்த்தார். நோண்டி எல்லாவற்றையும் விளக்கினாள். அப்பா அட்டையைத் தூக்கி அமுக்கினார், ஓடவில்லை. விட்டு அமுக்கினார், ஓடியது.

“ம்ம்” என்றார். “அப்போ ரிமோட் கெடலை.”

“கெடலை. ஆனா நம்ம வீட்டுச் சட்டம்னு ஒண்ணு இருக்கேப்பா” என்றாள் நோண்டி. “கடைசியாக் கழட்டினவங்கதான் கெடுத்தவங்க. வெயில் உள்ளே வந்தது ஜன்னல் திரை இல்லாததால. திரையைக் கடைசியாக் கழட்டினது யாரு?”

அண்ணன் சட்டையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

அப்பா தொண்டையைச் செருமினார். தலையைச் சொறிந்தார். “சரிம்மா… மன்னிச்சிடு.”

அத்தை தலையணைக்கு அடியில் கைவிட்டு விசிலை எடுத்து, இரண்டு முறை ஊதினார்.

“ஃபேன்தான் ஓடுதே அக்கா?” என்றார் அப்பா.

“இது ஃபேனுக்கு இல்லடா, உனக்கு” என்றார் அத்தை. “போ, அலமாரி மேல இருந்து பிள்ளையோட ஸ்க்ரூடிரைவரை இறக்கு. போலாம் ரைட்!”