முகம் தெரியாத வீடியோ

அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், இரண்டாவது மாடியில் இளவேனிலின் வீடு. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அவள், அன்று சாயங்காலம் அம்மாவின் போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தாள். மறுபடியும் காதுக்குக் கொண்டுபோனாள்.

போனில் ஓடிக்கொண்டிருந்தது ஓவிய வகுப்பு வீடியோ. அதில் வீணா மிஸ்ஸின் கைகள் மட்டும் தெரிந்தன. ஒரு கை மெழுகுக் கலரை எடுத்தது, காகிதத்தில் ஒரு வளைவு போட்டது, அப்படியே நின்றது. நின்ற நேரத்தில் மிஸ் ஏதோ சொன்னார். தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ பேசுவதுபோல் ஒரு முணுமுணுப்புதான் இளவேனிலுக்குக் கேட்டது.

அவள் சத்தத்தைக் கூட்டினாள். முணுமுணுப்பு பெரிதானதே தவிர, வார்த்தையாக மாறவில்லை.

அம்மா வந்து அவள் தோளைத் தட்டினார். "எதுக்குடி இவ்ளோ சவுண்டு? கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வரப்போறாங்க."

இளவேனில் போனை அணைத்துவிட்டாள்.

போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சலுக்குப் பிறகுதான் இப்படி ஆனது. காய்ச்சல் போய்விட்டது, போகும்போது சத்தங்களையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, பேசுகிறவரின் உதடுகளையே பார்ப்பாள். கேட்டது பாதி, ஊகித்தது பாதி. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

இந்த டெர்மில்தான், கன்னடம் கலந்து பேசும் வீணா மிஸ் புதிதாக ஒன்றைத் தொடங்கினார்.

"இது தலைகீழ் வகுப்பு. பாடத்தை வீடியோவா அனுப்புவேன். வீட்லயே பார்த்துட்டு வாங்க. இங்க வந்ததும் நேரா வரைய ஆரம்பிச்சிடலாம். கொத்தாய்த்தா? எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷ்ரேயாஸ் கையைத் தூக்கினான். "நாங்க தலைகீழா நிக்கணுமா மிஸ்?"

வகுப்பே சிரித்தது. இளவேனிலும் சிரித்தாள். அப்போது அவளுக்குத் தெரியாது, இனி மிஸ்ஸின் உதடுகளைப் பார்க்கவே முடியாது என்று.

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுப் போன முதல் ஓவிய வகுப்பில் அவள் படத்தின்மேல் தண்ணீரை நிறைய ஊற்றிவிட்டாள். காகிதம் ஊறிய அப்பளம்போலத் தொய்ந்து கிழிந்தது. மற்றவர்கள் எல்லாரும் பிரஷைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சமாத்தான் தண்ணி தொடணும்னு வீடியோல சொன்னேனே. பார்க்கலையா?" என்று கேட்டார் மிஸ்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? தன் தெருவில் காது கேட்காத பையன் ஒருவன் தூரத்தில் இருக்கும் தனிப் பள்ளிக்கு பஸ்ஸில் போகிறான் என்று ஷ்ரேயாஸ் ஒருமுறை சொல்லியிருந்தான். யாரையும் தெரியாத ஒரு பஸ்ஸில் தான் தனியாக உட்கார்ந்திருப்பதுபோல் இளவேனிலுக்குத் தோன்றியது.

"பார்க்கல மிஸ்," என்றாள்.

அடுத்த வகுப்பிலும் தப்பாயிற்று. மிஸ்ஸின் முகத்தில் சிரிப்பில்லை. "இன்னொரு தடவை பார்க்காம வந்தா, அம்மாவைக் கூட்டிட்டு வரச் சொல்லுவேன்."

மூன்றாவது வீடியோ வந்தது. மெழுகை உருக்கித் துணியில் படம் போடும் பாடம் அது. ஒரு மின் அடுப்பின்மேல் சின்னப் பாத்திரம், அதில் கொதிக்கும் மெழுகு. மிஸ்ஸின் விரல் பாத்திரத்தைக் காட்டியது. பிறகு கூடாது என்பதுபோல் ஆடியது. பிறகு வெகுநேரம் முணுமுணுப்பு மட்டும்.

எது கூடாது? தொடக் கூடாதா? நகர்த்தக் கூடாதா? பிரஷை எப்படியோ பிடிக்கக் கூடாதா?

இதுவரை கெட்டது வெறும் காகிதம். அவளும் ஷ்ரேயாஸும் ஒரே மேஜை. தெரியாமல் அவள் எதையாவது செய்து, அந்தச் சூடான மெழுகு அவன் கையில் கொட்டினால்?

அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று சமையலறைக்குப் போனாள். பொம்மசந்திரா கம்பெனி வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அம்மா, அடுப்பைப் பார்த்தபடி ஏதோ கேட்டார். இளவேனில் தன் காதில் விழுந்ததை ஓடிப்போய் எடுத்துவந்து நீட்டினாள்.

அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உப்பு கேட்டா சீப்பு தர்றே. குழம்புக்குத் தலை வாரணுமா?"

சிரித்த அம்மா சட்டென்று நிறுத்தி, அவளையே உற்றுப் பார்த்தார்.

"சும்மா விளையாட்டுக்கும்மா," என்று சொல்லிவிட்டு நழுவினாள்.

மறுநாள் ஓவிய அறையில் மெழுகு வாசனை நிறைந்திருந்தது. ஒவ்வொரு மேஜையிலும் ஒரு சின்ன அடுப்பு. அவளுடைய மேஜைப் பாத்திரத்தில் மெழுகு மெதுவாகக் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.

"ஆரம்பிக்கலாம்," என்றார் மிஸ்.

ஷ்ரேயாஸ் துணியை விரித்துவிட்டு ஒரு பிரஷை நீட்டினான். இளவேனில் வாங்கவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அப்படியே மிஸ்ஸிடம் நடந்தாள்.

"மிஸ், நான் வீடியோ பார்த்தேன். எல்லா வீடியோவும் பார்த்தேன். பார்க்கலன்னு சொன்னது பொய்."

மிஸ் குழம்பிப்போனார். "பார்த்துட்டா ஏன் பார்க்கலன்னு சொன்னே?"

"அதுல உங்க முகம் இல்ல மிஸ்."

"என் முகம் எதுக்கும்மா? வரையறது கைதானே?"

"வாயைப் பார்த்தாதான் நீங்க என்ன சொல்றீங்கன்னு எனக்குத் தெரியும். காய்ச்சல் வந்ததுலேர்ந்து காது சரியா கேக்கல. மெழுகுல எதைச் செய்யக் கூடாதுன்னு எனக்குத் தெரியாது. யாருக்காவது சுட்டுடும்னு பயமா இருக்கு மிஸ்."

சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொண்டாள். மிஸ்ஸின் முகத்தைப் பார்க்க இப்போது அவளுக்குத் துணிவில்லை.

ஒரு கை மெல்ல அவள் மோவாயை நிமிர்த்தியது. வீணா மிஸ் அவளுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

"இதைச் சொன்னது ரொம்ப நல்லதாச்சு," என்றார் மெதுவாக, அவள் பார்க்கும்படி. "பாத்திரத்தை நகர்த்தக் கூடாது. ஒயர் பக்கம் கால் போகக் கூடாது. ஒருத்தர் மெழுகு எடுக்கும்போது இன்னொருத்தர் கையை விலக்கிக்கணும்."

ஷ்ரேயாஸ் ஓடிவந்து அவள் காதில் கத்தினான். "ஒயர்!"

"காதுல கத்தாதே. முகத்தைப் பார்த்துச் சொல்லு," என்றார் மிஸ்.

அவன் அவளுக்கு எதிரே நின்று, வாயை மீன்போலத் திறந்து திறந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னான். அத்தனை பயத்திலும் இளவேனிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் மிஸ் அம்மாவிடம் போனில் பேசினார். போனை வைத்ததும் அம்மா அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

"நீ ஸ்கூல் மாத்திடுவியோன்னு பயந்தேன்."

"அதெல்லாம் யாரும் மாத்த மாட்டாங்க. முதல்ல டாக்டர்கிட்ட போவோம்."

காது டாக்டரிடம் போனபோதும் பயமாகத்தான் இருந்தது. ஒரு கண்ணாடி அறையில் அவளைத் தனியாக உட்காரவைத்தார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். பல நேரம் அவள் கை மடியிலேயே கிடந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

பரிசோதனை முடிந்ததும் டாக்டர் சொன்னார்: "ரெண்டு காதுக்கும் சின்ன மெஷின் போடணும். இதே ஸ்கூல்ல, இதே பெஞ்ச்ல படிக்கலாம்."

அடுத்த வீடியோவில் வீணா மிஸ்ஸின் முகம் வந்தது. போனை மிகவும் கிட்டத்தில் வைத்துவிட்டார்போல; முதலில் மூக்கு மட்டும்தான் தெரிந்தது. அப்புறம் சரியாக உட்கார்ந்து பேசினார். கைகள் வரும் இடங்களில் அவர் சொன்னதெல்லாம் கீழே பெரிய எழுத்தில் ஓடியது.

"எனக்கும் இப்பதான் பாடம் புரியுது. முன்னாடி பாதியிலயே தூங்கிடுவேன்," என்றான் ஷ்ரேயாஸ்.

மெஷின் போட்ட முதல் சில நாட்கள் மின்விசிறியும் பஸ் ஹார்னும் இளவேனிலைத் திடுக்கிட வைத்தன. போகப்போகப் பழகிவிட்டது.

ஒரு ஓவிய வகுப்பில் அவள் ஷ்ரேயாஸிடம் ஏதோ கதை அளந்துகொண்டிருந்தாள். பிரஷ் ஒரு பக்கம் காய்ந்துகொண்டிருந்தது.

"இளவேனில், பேச்சு போதும். வேலையைப் பாரு."

ஷ்ரேயாஸ் பயந்து குனிந்துகொண்டான். இளவேனில் மட்டும் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினாள். வீணா மிஸ் அறையின் கடைசியில், ஜன்னல் ஓரத்தில், அவளுக்கு முதுகைக் காட்டியபடி பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார்.

"சரி மிஸ்," என்றாள் இளவேனில். இத்தனை இனிப்பான திட்டை அவள் இதுவரை வாங்கியதே இல்லை.