முதல் செருந்தி

ஞாயிற்றுக்கிழமை என்றால் செருந்தி பல் தேய்ப்பதற்குள் வாசலில் குழந்தைகள் அழ ஆரம்பித்துவிடும். ஏற்காட்டுக் குளிர் இன்னும் விட்டிருக்காது. சேலத்திலிருந்து, ஈரோட்டிலிருந்து, ஒருமுறை காரைக்காலிலிருந்துகூட, பச்சைக்குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு பெற்றோர் வரிசையில் நிற்பார்கள். அவள் முகம் கழுவி, நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு, கூடத்து நாற்காலியில் உட்கார வேண்டும். குழந்தையை மடியில் கிடத்துவார்கள். குனிந்து அதன் காதில் மூன்று முறை "செருந்தி" என்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் அத்தைமார் செய்த வேலை அது. பெயரின் சொந்தக்காரியே உயிரோடு இருக்கும்போது அத்தையை யார் சீந்துகிறார்கள்?

சொல்லி முடித்ததும் கேள்வி வரும். "நல்லா இருக்கீங்களாக்கா?"

உலகத்தில் யாரும் இந்தக் கேள்விக்குப் பதில் எதிர்பார்ப்பதில்லை. இவர்கள் எதிர்பார்ப்பார்கள். அவள் நகத்தின் நிறத்தைப் பார்ப்பார்கள், பாதம் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். நாமக்கல்லிலிருந்து வந்த ஒரு பெண் கீழ் இமையை இழுத்தே பார்த்துவிட்டு, "ரத்தம் கம்மியா இருக்கும்போல, முருங்கைக்கீரை சேத்துக்குங்க" என்று சொல்லிப் போனாள். அடுத்த வாரம் ஒரு மூட்டை முருங்கைக்கீரை வீடு தேடி வந்தது.

இதெல்லாம் முன்கணி வந்ததன் விளைவு. பள்ளியில் இடம், மருத்துவக் காப்பீடு, வேலை, வீட்டுக் கடன், பெண் பார்க்க வருவது வரை, ஒருவருக்கு எதைக் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லும் பொறி அது. சாதியைப் பார்க்காதே என்று சட்டம் அதற்குக் கட்டளையிட்டது. மதத்தைப் பார்க்காதே, ஊரைப் பார்க்காதே, அப்பன் சம்பளத்தைப் பார்க்காதே. நல்ல சட்டம்தான். எல்லாக் கதவையும் சாத்திய புண்ணியவான்கள் முன்பெயரை மட்டும் மறந்துவிட்டார்கள். பொறி அந்தச் சந்தில் புகுந்துகொண்டது. இந்தப் பெயர்க்காரர்கள் இதுவரை இப்படி வாழ்ந்திருக்கிறார்கள், ஆகவே இந்தப் பெயர்க்குழந்தையும் இப்படித்தான் வாழும் என்று ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பெயர்மதிப்பு போட்டது.

லட்சம் பேர் வைத்துக்கொண்டிருக்கும் பெயரில் யார் என்ன செய்தாலும் எடுபடாது. செருந்தியின் கணவன் பெயர் கார்த்திக். ஓசூரில் வேலை, வாரக் கடைசியில் வருவான். அவன் குடித்துவிட்டு ரோட்டில் புரண்டாலும் நாட்டிலுள்ள கார்த்திக்குகளுக்கு ஒரு மயிரும் உதிராது. ஆனால் வளர்ந்த ஆள் ஒருத்தி மட்டுமே வைத்திருக்கும் பெயர் வேறு ரகம். அவளுக்கு நல்ல வேலை, சண்டையில்லாத கல்யாணம், ஒரு நாள் காய்ச்சலில் படுத்ததில்லை என்றால், பெயர்மதிப்பு உச்சிக்குப் போய்விடும். மலைக் காப்பி விவசாயிகள் சங்கத்தில் காப்பிச் சுவைஞராக இருந்த செருந்திக்கு அப்படித்தான் ஆயிற்று. நாட்டிலேயே மதிப்பு மிகுந்த பெயர் என்று ஒருநாள் செய்தியில் சொன்னார்கள். அந்த ஆண்டே ஆஸ்பத்திரிகளில் செருந்திகள் பிறக்கத் தொடங்கினார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்து ஆளாகும்வரை அவர்கள் வாழ்க்கை கணக்கில் சேராது. அதுவரை அத்தனை பேருக்கும் இவள் ஒருத்தியின் வாழ்க்கைதான் சான்று.

செருந்தி பெற்றோர் நலச் சங்கம் என்று ஒன்று தானாக முளைத்தது. அவர்கள் போட்ட சிறுநூலில் இது கடற்கரையை ஆண்ட ஓர் அரசியின் பெயர் என்று எழுதியிருந்தது. செருந்தி படித்துவிட்டுச் சிரித்தாள். அவள் அம்மா சேர்ந்திருந்த பிரசவ ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு வார்டுக்கும் பழைய காலத்துப் பூ ஒன்றின் பெயர் வைத்திருந்தார்கள். கட்டிலுக்கு எதிரே "செருந்தி" என்று பலகை. "வலியில எனக்கு வேற எதுவுமே கண்ணுல படலடி" என்பாள் அம்மா. மஞ்சள் பூவாம், அம்மா அதைக் கடைசிவரை பார்த்ததில்லை.

மழைக்கு முன்னால் ஒருநாள், காப்பியை உறிஞ்சி நாக்கில் பரப்பியபோது இடது பக்கம் சுரீர் என்றது. கண்ணாடியில் பார்த்தாள். நாக்கின் அடியில் வெள்ளையாக ஒரு திட்டு. ஆறவில்லை. மழை முடிந்தபோது அது தடித்திருந்தது, ஓரம் கரடுமுரடாக இருந்தது. நாக்கை வைத்துப் பிழைப்பவள். அது என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஊர் மருத்துவமனையில் டாக்டர் இதயா டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு கையை நீட்டிப் பரிசோதனைக் கேமராவை அணைத்தார்.

"வாய்ப்புண்ணுதாங்க. வைட்டமின் மாத்திரை தர்றேன்."

"என் நாக்கு எனக்குத் தெரியும் டாக்டர். சதை எடுத்துப் பாருங்க."

"எடுத்தா பதிவாயிடும்."

"பதிவாகட்டும். பதிவில்லாம எந்தக் கடையில மருந்து குடுப்பாங்க?"

டாக்டர் டார்ச்சை மேசையில் வைத்தார். "எம் பொண்ணுக்கு இந்த வருஷந்தான் ஸ்கூல்ல இடம் கெடச்சுது. உங்க பேருதான் அவளுக்கும். நான் ஒரே ஒரு வார்த்தை எழுதினா நாளைக்குக் காலையில அத்தனை புள்ளைங்க பேரும் நோய்க்காரப் பேராயிடும். எந்தக் காப்பீடும் தொடாது. என்னால முடியாதுங்க."

"அப்ப நானு?"

டாக்டர் அழுதார். அழுகையை வைத்துக்கொண்டு செருந்தி என்ன செய்வாள்? மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஈரோட்டில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் சதை எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து, மாதிரி கைதவறிக் கீழே கொட்டிவிட்டது என்று தகவல் வந்தது. அங்கே வேலை செய்பவரின் தங்கை மகள் ஒரு செருந்தி. வேறொரு டாக்டர் கதவைத் திறந்ததும் அவள் முகத்தை அடையாளம் கண்டு, இன்று தனக்கு விடுமுறை என்றார். கார்த்திக் போனில், "பேரையாவது மாத்தித் தொலையேன்" என்று கத்தினான். பெயரை மாற்றினாலும் பழைய பெயரின் கணக்குச் சாகும்வரை கூடவே வரும் என்பது அவனுக்கும் தெரியும். ஆத்திரத்தில் கத்தினான், பாவம்.

கடைசியில் சேலத்தில் மனிதக் கை படாத மருத்துவமனை ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தாள். உள்ளே போனால் பொறிதான் பார்க்கும், பொறிதான் வெட்டும், பொறிதான் எழுதும். பொறிக்கு மகளும் இல்லை, தங்கை மகளும் இல்லை. முன்பதிவு செய்துவிட்டு அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் கதவைத் திறந்தால் வாசல் நிறையக் கூட்டம். ஞாயிறும் இல்லை, பண்டிகையும் இல்லை. அம்மாக்கள், அப்பாக்கள், ஓடி விளையாடும் சின்னப் பெண்கள். யாரும் சத்தம் போடவில்லை. நலச் சங்கத்துச் செயலாளர் தேவசகாயம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஜவுளிக்கடைக்காரர், எப்போதும் சிரித்த முகம். இவள் வீட்டுக்குக் கூரை மாற்றிக் கொடுத்ததும் அவர்தான்.

"முன்பதிவுல உங்க பேரு வந்துச்சாம். சேலம் போறீங்களாமே அக்கா. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?"

"தடுக்க வந்தீங்களா?"

"ஐயோ, உங்களப் போய் நாங்க தடுப்பமா? வண்டி கொண்டாந்திருக்கோம். பஸ்ஸுல ஏறி இறங்கிச் சிரமப்படாதீங்க."

வாசலில் வெள்ளைத் தன்னோட்டிக் கார் நின்றது. ஓட்டுநர் இருக்கையே இல்லாத புது ரகம். கதவு திறந்திருந்தது.

"கூட யார் வர்றீங்க?"

"நாங்க பின்னாடி இன்னொரு வண்டில வர்றோமுங்க. நீங்க காலை நீட்டிச் சௌகரியமா உக்காந்து போங்க."

செருந்தி அவரைப் பார்த்தாள். அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை, சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தார்.

"எனக்கு என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"டாக்டரம்மா சொன்னாங்க. ராத்திரியெல்லாம் தூக்கமில்லைக்கா. எங்க வீட்ல சோறே ஆக்கல." நடிப்பில்லை, அவருக்கு உண்மையாகவே இவளைப் பிடிக்கும். அதுதான் அவளை நடுங்க வைத்தது. "வக்கீலுங்க, முன்கணி தெரிஞ்சவங்க, எல்லார்கிட்டயும் கேட்டுப் பாத்தோம். நோயின்னு பதிவானா பேர் மேல ஏறுது. நோயில செத்தாலும் ஏறுது."

"எதுதான் ஏறாதாம்?"

தேவசகாயம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "விபத்து ஏறாதுங்க. அது பேரோட குத்தமில்லையாம். அதுவரைக்கும் இருந்த மதிப்பு அப்படியே நெலச்சு நின்னுடுமாம்."

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பாதை எப்படிப்பட்டது என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. பஸ்ஸில் போகலாம் என்றால், பஸ் நிலையம் போக இந்தக் கூட்டத்தைத் தாண்ட வேண்டும். ஓடினால் எத்தனை தூரம்? அவள் கத்தினால் யார் வருவார்கள்? வரக்கூடியவர்கள் எல்லோரும் ஏற்கெனவே வாசலில்தான் நின்றார்கள்.

கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கூட்டம் விலகி வழி விட்டது. ஒருத்தி அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டாள், இன்னொருத்தி தலையில் பூ வைத்தாள். டாக்டர் இதயா சுவரோரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. செருந்தி காரில் ஏறி உட்கார்ந்தாள். வேறென்ன செய்ய முடியும்?

அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சின்னப் பெண் குபீரென்று ஓடிவந்து காருக்குள் ஏறிவிட்டாள். ஆறு வயதிருக்கும், முன்பல் இரண்டும் இல்லை.

"நானும் வர்றேன். அப்பா, நான் பெரிய செருந்திகூடப் போறேன்!"

தேவசகாயத்தின் மகள். அவர் முகத்தில் ரத்தம் வற்றியது. "பாப்பா, எறங்கு."

"மாட்டேன்."

"எறங்குன்னு சொல்றேனில்ல!"

சிரித்த முகத்துக்காரர் அப்படிக் கத்தி அங்கே யாரும் கேட்டதில்லை. குழந்தை மிரண்டு செருந்தியின் மடியில் ஏறி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. இறக்கிவிடலாம். குழந்தை என்ன பாவம் செய்தது? அவள் மனம் அப்படித்தான் நினைத்தது, கையோ இறக்கிவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"வரட்டும் விடுங்க" என்றாள் செருந்தி. அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "காலை நீட்டிச் சௌகரியமாப் போவம். சேலந்தானே."

தேவசகாயம் காரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு மணிக்கட்டுக் கருவியை வாயருகே கொண்டுபோய், அழுகையும் கோபமுமாக, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

"இந்த வண்டி வேணாம். வேற வண்டி அனுப்புங்க."

வேறு வண்டி வந்தது. செருந்தி குழந்தையைக் கீழே விடாமல் அதில் மாறி உட்கார்ந்தாள். தேவசகாயமும் ஏறி முன்னால் உட்கார்ந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. வளைவுகளில் கார் மெதுவாக, பத்திரமாக இறங்கியது. இனி எங்கே போவதென்றாலும் இவர்களுடைய குழந்தை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. மலை இறங்கியதும் பொறி அவள் நாக்கைப் பார்க்கும், எழுதும், அந்த நொடியே மடியில் இருப்பவளின் பள்ளிக்கூடமும் மருந்தும் கல்யாணமும் போய்விடும் என்பதும் தெரிந்தது.

"பெரிய செருந்தி, நாம எதுக்கு ஆஸ்பத்திரி போறோம்? உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டது குழந்தை.

"இல்லடா கண்ணு" என்றாள் செருந்தி. "நல்லாத்தான் இருக்கேன்."

குழந்தை நம்பிக்கொண்டு அவள் தோளில் சாய்ந்தது. அவள் பிடியைத் தளர்த்தவில்லை.