ஆர்கன் பெட்டியின் ஆப்புகள்

வங்கிக் கட்டடத்துக்கும் பல மாடி வாகன நிறுத்தத்துக்கும் நடுவே இடுங்கி நின்றது அந்தப் பழைய ஆலயம். நகரம் உயர உயர அதன் கோபுரம் குள்ளமாகிக்கொண்டே போயிருந்தது. கணவனும் மனைவியும் கருவிப் பையோடு உள்ளே நுழைந்தபோது உச்சி வெயில். கனத்த கதவு சாத்தியதும் தெரு இரைச்சல் கத்தரித்தாற்போல் நின்றது.

கவிழ்த்த படகு போல மரக்கூரை. ஆள் படுக்கும் அகலத்துக்கு ஜன்னல் விளிம்புகள். சுவர் நெடுகச் சலவைக்கல் நினைவுப் பலகைகள். காய்ச்சலில் போன வெள்ளைக்கார அதிகாரிகள், பிரசவத்தில் போன மனைவிமார். அவள் ஒன்றின் முன் நின்று படித்தாள்.

"என் வயசுதான்" என்றாள்.

வாசலுக்கு மேலே மரத்தாலான மாடம். அதில் ஒரு சின்ன அறை அளவுக்கு, உள்ளே காற்றால் ஊதும் குழல்கள் நிற்கும் ஆர்கன் பெட்டி. ஆலயத்தைத் திறந்து பூட்டும் கோயில்பிள்ளை அவர்களை மேலே கூட்டிப்போனார். பெட்டியின் முகப்பில், நெஞ்சு உயரத்தில், வரிசையாக மர ஆப்புகள் அடிக்கப்பட்டிருந்தன. வெள்ளைக்காரன் காலத்துக் கலவரத்தில் சனங்கள் இதற்குள் ஒளிந்தார்களாம். சிப்பாய்கள் தேடிவிட்டுத் திரும்பிப் போகும் நேரத்தில், உள்ளே யாருடைய தோளோ பட்டு ஒரு குழல் ஊதிவிட்டது. சத்தம் வந்த இடத்தையெல்லாம் பலகையோடு சேர்த்துத் துப்பாக்கிக் கத்தியால் குத்தினார்கள். அந்த ஓட்டைகளைத்தான் பிறகு ஆப்பு வைத்து அடைத்திருக்கிறார்கள்.

"எத்தனையோ போதகர் மாறியாச்சு. ஆப்பை மட்டும் யாரும் தொட்டதில்ல தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார்.

ஆர்கன் குழல்களுக்குச் சுருதி சேர்ப்பது அவள் அப்பாவின் தொழில். கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு மருமகனாகப் போனவன் அவளிடமே அதைக் கற்றுக்கொண்டான். ஒருவர் பெட்டிக்குள் நின்று குழலைத் திருத்த வேண்டும், ஒருவர் வெளியே கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். சரியானதும் உள்ளே இருப்பவர் 'அடுத்தது' என்பார். கல்யாணமான புதிதில், முத்தத்துக்கு நடுவிலும் அவள் அந்த வார்த்தையைச் சொல்லி அவனைச் சிரிக்கவைத்திருக்கிறாள்.

அவளுக்கு இழுப்பு உண்டு. தூசி ஆகாது. அதனால் இன்றைக்குப் பெட்டிக்குள் தான் போவதாக அவன் சொன்னான்.

"நீங்க உள்ள போனா குழல் எல்லாம் வெளிய வரணும்" என்று அவன் வயிற்றைத் தட்டினாள். "முடியலன்னா ரெண்டு தட்டு தட்டறேன். வந்து இழுத்துப் போடுங்க."

பக்கத்துச் சிறு கதவு வழியாக உள்ளே போனாள். சற்று நேரத்தில் இருமல் கேட்டது.

அவனுக்குப் பொறுக்கவில்லை. அவளுக்குக் கொஞ்சம் காற்று போகட்டும், குரலும் தெளிவாகக் கேட்கட்டும் என்று உளியை எடுத்தான். ஆப்புகளை ஒவ்வொன்றாக நெம்பிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"இப்ப பரவாயில்ல" என்றாள் உள்ளிருந்து. "ஆரம்பிங்க."

மோட்டார் உறுமியது. துருத்தி நிரம்பியது. முதல் கட்டையை அழுத்தினான்.

"அடுத்தது."

மாடத்தில் துருவேறிய இரும்பின் வாடை அடித்தது. பழைய பூட்டாக இருக்கும் என்று நினைத்தான்.

"அடுத்தது."

கட்டைகளுக்கு மேலே, வாத்தியக்காரர் திரும்பாமலே பின்னால் கீழே இருக்கும் பீடத்தைப் பார்ப்பதற்கான சின்னக் கண்ணாடி. அதில் காலி பெஞ்சுகள் மட்டும் தெரிந்தன. ஆனால் அவன் முதுகுக்குப் பின்னால் பலகைத் தரை அழுந்தியது. கனத்த பூட்ஸ் கால்கள் அழுத்துவது போல.

வலப்பக்கத்துத் துளை சட்டென்று அடைபட்டது. மறுபடி திறந்தது. எதுவோ உள்ளே போய் வெளியே வந்தது போல. ஜன்னலுக்கு வெளியே மேகம் நகர்ந்து நிழல் விழுகிறது போலும் என்று நினைத்தான்.

"அடுத்தது."

பெரிய குழல்களின் வரிசை வந்தது. மாடமே அதிர்ந்தது. அந்த அதிர்வுக்கு அடியில் மரத்தில் ஏதோ இடித்தது. இரண்டு முறை.

கையை எடுக்காமலே கேட்டான். "தட்டினியா?"

"அடுத்தது."

நிதானமான குரல். இழுப்பே இல்லாத குரல். நல்லவேளை, காற்று போகிறது என்று அவன் அடுத்த கட்டையை அழுத்தினான். துளை அடைபட்டது. திறந்தது.

மறுபடி இரண்டு இடி. அவசரமாக.

"அடுத்தது."

அழுத்தினான்.

இடி நின்றுவிட்டது.

துளையிலிருந்து கறுப்பாக ஒரு கோடு இறங்கி, வெள்ளைக் கட்டைகளின் மேல் சொட்டியது. அங்கே அது சிவப்பு.

சிறு கதவைப் பிடுங்கித் திறந்தான். அவள் குழல்களுக்கு நடுவே, விழ இடமில்லாமல், நின்றபடியே இருந்தாள். கழுத்தில், விலாவில், வயிற்றில் பிளவுகள். முஷ்டி பலகையோடு ஒட்டியிருந்தது. விரல் கணுக்கள் உடைந்திருந்தன. வாய் நிறைய ரத்தம். அந்த வாயால் எதுவும் சொல்லியிருக்க முடியாது.

அவள் தோளுக்குப் பின்னால், இருட்டில், யாரோ சொன்னார்கள்.

"அடுத்தது."

போலீஸ் அவனை வாரக்கணக்கில் வைத்து விசாரித்தது. அவன் உளி அந்தக் காயங்களுக்குப் பொருந்தவில்லை. வேறு ஆயுதம் கிடைக்கவில்லை. விட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் ஆப்புகளை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போனான். கோயில்பிள்ளை சுத்தியலைக் கொடுத்துவிட்டு ஏணியடியிலேயே நின்றுகொண்டார். மோட்டாரின் மின்கம்பியை எப்போதோ அறுத்துவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு துளையாக அடைத்தான். கடைசி ஆப்பையும் இறக்கிவிட்டுச் சுத்தியலைக் கீழே வைத்தான்.

உள்ளே இரண்டு தட்டல்.

இந்த முறை தெளிவாகக் கேட்டது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். குழல்கள். தூசி. காய்ந்த கறை. பூட்டிவிட்டு வந்து கட்டைகளுக்கு முன்னிருந்த பெஞ்சில் உட்கார்ந்தான்.

இரண்டு தட்டல். கூடவே, அவனுக்கு நன்றாகத் தெரிந்த இழுப்பு.

பலகையில் கையை வைத்தான். "இங்கதான் இருக்கேன்மா" என்றான்.

பின்னால் தரை அழுந்தியது.

அவன் நெஞ்சுக்கு நேரே இருந்த ஆப்பு, யாரும் தொடாமல், மெல்ல மெல்ல வெளியே நகரத் தொடங்கியது.