மார்க் பார்த்து வந்த பேய்

"ஐயா, என் பொண்ணு பள்ளிக்கூடத்துல பேய் இருக்கு" என்று சொல்லிவிட்டு, யாராவது சிரிக்கிறார்களா என்று பார்த்தாள், ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு துவைக்கும் அந்தத் தாய். துப்பறிவாளர் சிரிக்கவில்லை. அவருடைய மச்சான், தன்னைத் தானே உதவியாளராக நியமித்துக்கொண்ட புண்ணியவான், நாற்காலியை முன்னுக்கு இழுத்தான்.

மார்க் குறைந்த பிள்ளைகளைத் தனி அறையில் பரீட்சை எழுத வைப்பது அந்தப் பள்ளியின் வழக்கம். பரீட்சை அன்று காலையில் அந்த அறைச் சுவரில் சிவப்பாக ஒரு கை தெரியுமாம். பிள்ளைகள் அலறியடித்து ஓடிவிடுவார்கள்.

"இன்னிக்கு முழு ஆண்டுப் பரீட்சை. இதையும் விட்டா பேரை எடுத்துடுவாங்க. ராத்திரி பூரா என் கையைப் பிடிச்சுக்கிட்டு நடுங்குறா. எனக்கும் பயமா இருக்குய்யா."

பள்ளி வாசலில் மகள் உதடு வெளுத்து நின்றாள். தலைமை ஆசிரியரே எதிரே வந்தார்.

"இந்தத் தடவை மாடி அறை வேண்டாம்னு கீழ் அறைக்கு மாத்திட்டேன். இந்த நிமிஷம் வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடல."

"எனக்கே இப்பத்தான் தெரியும்" என்றார் கணக்கு வாத்தியார். காவலாளியும் தலையாட்டிவிட்டுப் பூட்டைத் திறந்தார்.

கரும்பலகைக்குப் பக்கத்தில், விரல் விரித்த சிவப்புக் கை. ஈரம்கூடக் காயவில்லை. சிறுமி வீறிட்டு அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்தாள். மச்சான் வாசல் பக்கம் பின்வாங்கினான்.

"மாமா, போயிடலாமா?"

"இருடா. பேய்னா ஒரே இடத்துல குடியிருக்கணும். இது மார்க் குறைஞ்ச பிள்ளைங்க எங்க போனாலும் பின்னாலயே வருது. நல்லாப் படிக்கிறவங்க அறையை ஒரு நாளும் எட்டிப் பார்க்கல." துப்பறிவாளர் மெதுவாகத் திரும்பினார். "அறை மாறினதை யார்கிட்டயும் சொல்லலைன்னு நீங்கதானே சொன்னீங்க, சார்? அப்போ பேய்கிட்ட யார் சொன்னது?"

தலைமை ஆசிரியரின் வலது கை சட்டைப் பையிலிருந்து வெளியே வரவே இல்லை. துப்பறிவாளர் அதைப் பிடித்து எடுத்தார். நகக்கண்ணில் சிவப்பு மை.

"எழுதாதவங்க கணக்குல வரமாட்டாங்க. எழுதித் தோத்தா தேர்ச்சி விழுக்காடு விழும். இன்னொரு தடவை விழுந்தா பள்ளியையே இழுத்து மூடிடுவாங்க. பங்களாத் தெருப் பள்ளிக்கூடத்துக்குப் பாடத்துக்கு ஒரு வாத்தியார். எனக்கு எல்லாத்துக்கும் இந்தக் கணக்கு வாத்தியார் ஒருத்தர். நான் என்னதான் பண்றது?" என்றார் தலைமை ஆசிரியர்.

முந்தானைக்குள்ளிருந்து தலை எட்டிப் பார்த்தது.

"சார், உங்களுக்கும் பரீட்சைன்னா பயமா?"

மணி அடித்தது. சிறுமி அம்மாவின் கையை விட்டாள். அப்படியே உள்ளே போய், அந்தச் சிவப்புக் கைக்கு நேர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, பேனா மூடியைக் கழற்றினாள்.